ஆறு ஷில்லிங் வாங்கியவனுக்கு ஆயுள் தடை!

"விளையாட்டில் வர்க்கம் ஏது? மைதானத்தில் இறங்கிவிட்டால் எல்லோரும் சமம்தானே?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. "அந்தக் காலத்தில் ஆட்டத்துக்காகவே ஆடினார்கள். பணம் புகுந்தது, விளையாட்டு பாழாய்ப் போயிற்று" என்று பெருமூச்சு விடுபவர்களும் உண்டு. ஆட்டத்துக்காகவே ஆடிய அந்தப் பொற்காலத்தை நாம் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இந்தச் சமாச்சாரத்தின் பிறப்பிடமே இங்கிலாந்துதான். ஆகவே அங்கேயே போவோம்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ரக்பி என்று பெயர். பணக்காரப் பிள்ளைகள் படித்த ரக்பி என்ற பள்ளிக்கூடத்தின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. 1871ல் லண்டனில் ஒரு ஹோட்டலில் 21 கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி ரக்பி யூனியன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். கூடியவர்களில் பெரும்பாலோர் அத்தகைய பள்ளிகளில் படித்த கனவான்கள். வக்கீல் தொழில், வியாபாரம், பிதிரார்ஜித சொத்து என்று வாழ்ந்தவர்களுக்கு சனிக்கிழமையும் ஒன்றுதான், திங்கட்கிழமையும் ஒன்றுதான்.

ஆனால் ஆட்டம் கனவான்களின் வேலிக்குள் அடங்கி நிற்கவில்லை. வடக்கே யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் பரவியது. அங்கே அதைக் கையில் எடுத்தவர்கள் யார்? லீ, விகன், டில்டஸ்லி ஊர்களில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஓல்டாமிலும் ராச்டேலிலும் பஞ்சாலைத் தொழிலாளி. ஹாலிபாக்ஸ், ஹடர்ஸ்பீல்ட், பாட்லியில் கம்பளி ஆலைத் தொழிலாளி. செயின்ட் ஹெலன்ஸில் கண்ணாடித் தொழிலாளி. விட்னெஸ், ரன்கார்னில் ரசாயனத் தொழிற்சாலையில் வெந்தவன். ஹல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். வாரம் முழுவதும் முதலாளிக்கு உடம்பைக் கொடுத்தவன், சனிக்கிழமை பிற்பகலில் அதே உடம்பை வைத்துத் தன் ஊருக்காக ஆடினான். ஊரே திரண்டு வந்து வேலியைச் சுற்றி நின்றது.

அந்த சனிக்கிழமை அரை நாள்கூட யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளிகள் நெடுங்காலம் போராடிய பிறகுதான், 1850ல் வந்த சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளம் வயதினரும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் நின்றால் இயந்திரமும் நிற்கும். ஆகவே ஆண்களுக்கும் ஓய்வு கிடைத்தது. இந்த ஓய்வு பிறந்த பிறகே தொழிலாளியின் விளையாட்டும் பிறந்தது.

முறிந்த நேரம்

இனி விஷயத்துக்கு வருவோம். சொந்த ஊரில் ஆட்டம் என்றால் ஆலைச் சங்கு ஊதியதும் ஓடிப்போய் ஆடலாம். வெளியூர் ஆட்டம் என்றால்? காலையிலேயே ரயில் ஏற வேண்டும். அன்றைய வேலை போயிற்று, கூலியும் போயிற்று. வெகுதூரம் போனால் இன்னொரு நாளும் போகும். காயம் பட்டுப் படுத்தால் வாரக் கூலியே போகும். இப்படி ஆட்டத்துக்காக இழந்த வேலை நேரத்தை அந்த ஊர்க்காரர்கள் "முறிந்த நேரம்" என்று சொன்னார்கள்.

அந்த முறிந்த நேரத்துக்கு, இழந்த கூலி மட்டில், ஈடு கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. லாபம் கேட்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை. சன்மானமும் கேட்கவில்லை. ஆடப் போனதால் வீட்டில் அடுப்பு அணையக் கூடாது என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

1893ம் வருடம் செப்டம்பர் 20ந் தேதி லண்டனில் ரக்பி யூனியனின் பொதுக்கூட்டம் நடந்தது. யார்க்‌ஷயர் பிரதிநிதி ஜேம்ஸ் மில்லர் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. வர முடியாதவர்களின் வோட்டுகளையெல்லாம் முன்கூட்டியே கடிதம் மூலம் திரட்டி வைத்துக்கொண்டு கனவான்கள் ஜெயித்தார்கள். கூட்டம் நடந்த நாள் புதன்கிழமை! தொழிலாளி எப்படி வருவான்? வேலை நேரத்தை இழக்கிறேன் என்று சொல்ல வருவதற்கே வேலை நேரத்தை இழக்க வேண்டும். என்ன நியாயம் பாருங்கள்!

அதற்குப் பிறகு வேட்டை துவங்கியது. எந்தக் கிளப் ரகசியமாகப் பணம் கொடுத்தது, எந்த ஆட்டக்காரனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தது என்று துருவித் துருவி விசாரணை. ஹடர்ஸ்பீல்ட், லீ, சால்போர்ட், விகன் என்று கிளப்புகள் வரிசையாகத் தண்டிக்கப்பட்டன. ஊரில் ஆட்டம் நின்றது. இந்த வேட்டையில் முன்னணியில் நின்றவர் பிராங்க் மார்ஷல் என்ற பாதிரியார், ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். கூலிக்காரனின் பையில் கையை விட்டு ஷில்லிங் தேடுவதை அவர் தர்மப் பணியாகவே செய்தார்.

கனவான்களின் இரண்டு தராசு

"பணத்தைத் தொடாதவனே அமெச்சூர், அவனே உண்மையான ஆட்டக்காரன்" என்றார்கள். நல்லது. அந்த விதியை அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தார்களா என்று நாம் கேட்கிறோம்.

1888ல் இங்கிலாந்திலிருந்து ஒரு ரக்பி கோஷ்டி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேறியது. அதில் ஹாலிபாக்ஸ் ஆட்டக்காரர் கிளவ்ஸ் என்பவர் இருந்தார். பயணத்துக்கான உடுப்பு வாங்க 15 பவுன் பெற்றுக்கொண்டார் என்பது அவர் செய்த குற்றம். உடனே "இவன் தொழில்முறைக்காரன்" என்று முத்திரை குத்தினார்கள். அவர் உலகத்தின் மறுகோடி வரை போய், ஆட முடியாமல் வேடிக்கை பார்த்துத் திரும்பினார். கூடப் போன மற்றவர்கள்? "நாங்கள் வாங்கவில்லை" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். விஷயம் முடிந்தது.

கிரிக்கெட்டைப் பாருங்கள். அங்கே டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்ற பெரிய ஆட்டக்காரர். அவர் அமெச்சூர், கனவான். 1895ல், ரக்பித் தொழிலாளியின் ஷில்லிங்குக்காக வடக்கே வேட்டை நடந்த அதே வருடத்தில், அவருக்கு நாடு முழுவதும் வசூல் நடந்தது. சேர்ந்த தொகை 9,000 பவுனுக்கு மேல்! கிரேஸ் பெரிய ஆட்டக்காரர், ஜனங்கள் பிரியப்பட்டுக் கொடுத்தார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். 9,000 பவுன் என்றால் 1,80,000 ஷில்லிங். ஒருவருக்கு 6 ஷில்லிங் வீதம் கொடுத்தால் 30,000 தொழிலாளிகளின் முறிந்த நேரத்துக்கு ஈடு. ஒரு கனவான் இதை வாங்கினால் கௌரவம். ஒரு தொழிலாளி ஆறு ஷில்லிங் வாங்கினால் களங்கம்!

கிரிக்கெட் வேறு சங்கம் என்று சொல்லுவார்களோ? ரக்பியிலேயே பார்ப்போம். வேல்ஸ் நாட்டுக் கோஷ்டியின் தலைவர் ஆர்தர் கூல்டுக்கு 1897ல் ரசிகர்கள் வசூல் செய்து ஒரு வீட்டையே பரிசாகக் கொடுத்தார்கள். முதலில் சீறிய ரக்பி யூனியன், பிறகு விசேஷ சந்தர்ப்பம் என்று காரணம் கண்டுபிடித்து அவரை ஆட அனுமதித்தது. வடக்கை இழந்தாயிற்று, வேல்ஸையும் இழக்க வேண்டாமே என்ற பயம்! வீட்டுக்கு மன்னிப்பு உண்டு, ஷில்லிங்குக்கு இல்லை.

படகுப் போட்டிக்காரர்கள் இவ்வளவு வேஷம்கூடப் போடவில்லை. கூலிக்கு உழைக்கும் மெக்கானிக், கைத்தொழிலாளி, கூலியாள் எவனும் அமெச்சூர் ஆக முடியாது என்று ஹென்லி போட்டியின் விதியிலேயே 1879ல் எழுதி வைத்தார்கள். பணம் வாங்கினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. உடம்பால் உழைக்கிறானா? வெளியே போ! 1930களில்தான் இந்த விதி ஒழிந்தது. "அமெச்சூர்" என்ற சொல்லுக்கு உள்ளே ஒளிந்திருந்த அர்த்தத்தை அவர்கள் பட்டவர்த்தனமாகச் சொன்னார்கள்.

நம் நாட்டுச் சம்பந்தமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் ரக்பி ஆட்டத்துக்குரிய கோப்பையின் பெயர் கல்கத்தாக் கோப்பை. கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் கிளப் 1878ல் கலைந்தபோது, பாங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கிக் கோப்பையாக்கி, ரக்பி யூனியனுக்கு அனுப்பியது. இந்தியாவின் ரூபாயை உருக்கிய கோப்பையைக் கையில் ஏந்தலாம். ஆட்டத்தின் பரிசுத்தம் அதனால் கெடவில்லை. சொந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசினால் மட்டும் கெட்டுவிடுமாம்!

பிரிந்தார்கள், ஆடினார்கள்

1895ம் வருடம் ஆகஸ்ட் 29ந் தேதி ஹடர்ஸ்பீல்ட் நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடின. ரக்பி யூனியனிலிருந்து வெளியேறி, வடக்கு ரக்பி யூனியன் என்ற புதிய சங்கத்தை அமைத்தன. இதுவே பிற்காலத்தில் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது. முறிந்த நேரத்துக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

பத்தே நாட்களில், செப்டம்பர் 7ந் தேதி, முதல் சீசன் துவங்கிவிட்டது. 22 கிளப்புகள். ஒவ்வொன்றும் 42 ஆட்டம். ஆகமொத்தம் 462 ஆட்டங்கள். கிழக்கே ஹல் துறைமுகத்திலிருந்து மேற்கே மெர்சி நதிக்கரை விட்னெஸ் வரை நாட்டைக் குறுக்கே கடந்து போக வேண்டும். சரிபாதி ஆட்டம் வெளியூரில். முறிந்த நேரத்துக்கு ஈடு இல்லாமல் எந்தத் தொழிலாளி இதை ஆடியிருக்க முடியும்?

விதிகள் அன்று பழைய விதிகளே. கோஷ்டிக்கு 15 பேர். 13 பேர் என்ற மாறுதலெல்லாம் 1906ல் வந்தது. அதாவது, பிரிந்தபோது ஆட்டத்தில் எந்த வேற்றுமையும் இல்லை. பந்து ஒன்று, விதி ஒன்று, மைதானம் ஒன்று. வேற்றுமை ஆறு ஷில்லிங்கில்தான் இருந்தது! "ஆட்டத்தைக் காப்பாற்றவே தடுத்தோம்" என்ற வாதம் இதிலேயே அம்பலமாகிறது.

அந்த சீசனை ஜெயித்தது யார்? பிராட்போர்ட் நகரத்தின் மானிங்காம் கிளப். மானிங்காமுக்கு 66 புள்ளி, ஹாலிபாக்ஸுக்கு 65. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

மானிங்காம் என்ற பெயரைத் தொழிலாளிகள் மறக்கக் கூடாது. அங்கேதான் லிஸ்டர் என்ற முதலாளியின் பெரிய பட்டு ஆலை இருந்தது. 1890 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், கூலிவெட்டு அறிவித்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், பெரும்பாலோர் பெண்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1891 ஏப்ரலில் நகரத்தில் பட்டாளம் இறங்கியது. 19 வாரப் போராட்டத்துக்குப் பிறகு பசி அவர்களைத் தோற்கடித்தது. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றார்கள். முதலாளிகளின் கட்சிகளை நம்பிப் பயனில்லை என்று கண்டார்கள். 1893 ஜனவரியில் அதே பிராட்போர்டில்தான் சுயேச்சைத் தொழிற்கட்சி உதயமாயிற்று. அந்த ஊரின் கோஷ்டிதான் இரண்டு வருடங்களுக்குப் பின் துவங்கிய முதல் சீசனில் வெற்றி வாகை சூடியது.

லண்டன் கனவான்கள் என்ன செய்தார்கள்? வடக்குச் சங்கத்தோடு ஆடினவன், அதற்கு எதிராக ஆடினவன், எந்த விதமாகவும் அதோடு சேர்ந்தவன் தொழில்முறைக்காரனாகக் கருதப்படுவான், ரக்பி யூனியனில் அவனுக்கு இனி இடமில்லை என்றார்கள். காசு வாங்காமல் ஆடினாலும் சரி, தடை தடைதான்! ஜாதிப் பிரஷ்டம் என்றால் நமக்குத் தெரியும். இது அதேதான்.

பலன் என்ன? 1893ல் 481 கிளப்புகள் இருந்த ரக்பி யூனியனில் 1903ல் 244 கிளப்புகள்தான் மிஞ்சின. 1892ல் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் மூன்று நாடுகளையும் ஜெயித்த இங்கிலாந்து கோஷ்டி, மறுபடி தனித்துச் சாம்பியன் ஆனது 1910ல். உழைப்பாளியைத் துரத்திவிட்டுக் கோப்பையை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா?

வடக்கு முதலாளிகள் தேவதூதர்களா?

இங்கே ஒரு எச்சரிக்கை. வடக்குக் கிளப்புகளின் நிர்வாகிகள் தொழிலாளிகளின் பிரதிநிதிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலோர் ஆலை முதலாளிகள், வியாபாரிகள். நல்ல ஆட்டக்காரன் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் நுழைவுக் கட்டணம் குவியும். இதுவே அவர்கள் கண்ட தர்மம்.

அவர்கள் சுயரூபம் சீக்கிரமே வெளிப்பட்டது. 1898ல் சம்பளம் கொடுப்பதை வெளிப்படையாகவே அனுமதித்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஆட்டக்காரன் வேறொரு முறையான வேலையிலும் இருந்தாக வேண்டும், அந்த வாரம் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். மதுக்கடைப் பணியாள் போன்ற வேலைகள் வேலையாகவே சேராது. அதாவது, வாரம் முழுக்க முதலாளிக்கு உழைத்துவிட்டு, சனிக்கிழமை இன்னொரு முதலாளிக்கு ஆடு! ஆலையை விட்டு வெளியேறி மூச்சுவிட வழி வைக்கவில்லை. இந்த நிபந்தனை 1905ல்தான் ஒழிந்தது.

ஆகவே லண்டன் சீமானுக்கும் வடக்கு ஆலை முதலாளிக்கும் நடந்த சண்டையில் தொழிலாளி நீதிபதியாக உட்காரவில்லை. சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. ஆனாலும் கிடைத்த ஆறு ஷில்லிங் உண்மை. அதற்குப் பின்னே நின்ற நியாயமும் உண்மை.

அவர்களின் கடைசி வாதம்

"கொஞ்சம் கொடுத்தால் பிறகு ஏலம் கிளம்பும். பணக்காரக் கிளப் ஏழைக் கிளப்பின் ஆட்டக்காரரைக் கொத்திக்கொண்டு போகும்" என்பது அவர்களின் வாதங்களிலேயே கனமானது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தடை இருந்தபோது ஏலம் நடக்கவில்லையா? 1893ல் ஹடர்ஸ்பீல்ட் கிளப் தண்டிக்கப்பட்டதே கார்லைல் ஊரின் ஆட்டக்காரர்களை இழுத்தது என்ற குற்றச்சாட்டின் பேரில்தான். தடை ஏலத்தை ஒழிக்கவில்லை, இருட்டுக்குள் தள்ளியது. இருட்டில் பேரம் நடந்தால் நஷ்டப்படுபவன் ஆட்டக்காரனே. வாக்குத் தவறினால் அவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

அவர்களின் உண்மையான பயம் வேறு. கால்பந்தில் 1883ம் வருட இறுதி ஆட்டத்தில், தொழிலாளிகள் நிறைந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் கோஷ்டி, ஈட்டன் பள்ளிக் கனவான்களின் கோஷ்டியை 2–1 என்று தோற்கடித்தது. 1885ல் கால்பந்துச் சங்கம் சம்பளத்தை அனுமதித்தது. அதன்பின் அந்தக் கோப்பையை அந்தக் கனவான்கள் ஜெயிக்கவே இல்லை. ரக்பிக் கனவான்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சம ஓய்வு கிடைத்தால் தொழிலாளி ஜெயித்துவிடுவான் என்ற பயமே "பரிசுத்தம்" என்ற சட்டையைப் போட்டுக்கொண்டது.

நூறு வருடம் கழித்து

இந்தத் தடை எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? 1995 ஆகஸ்ட் வரை! ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்குச் சரியாக நூறு வருடம் ஆகும் அதே மாதத்தில், சர்வதேச ரக்பி யூனியன் நிர்வாகம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. நூறு வருடம் பாவமாக இருந்தது ஒரே நாளில் புண்ணியமாயிற்று. டெலிவிஷன் கம்பெனிகளின் கோடிகள் கண்ணில் பட்டதும் பரிசுத்தம் பறந்தது. இடையில் எத்தனை தலைமுறைத் தொழிலாளிகள் துரோகிகள் என்று ஒதுக்கப்பட்டார்கள்! யார் அவர்களிடம் மன்னிப்புக் கேட்பது?

பிரான்சில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஹிட்லருக்கு அடிபணிந்த விஷி அரசாங்கம் 1941 டிசம்பரில் ரக்பி லீக் அமைப்பையே கலைத்து அதன் சொத்துக்களைப் பறித்தது.

ரக்பி லீக் ஆட்டத்தையும் பெரும் பணம் சும்மா விடவில்லை. 1995 ஏப்ரலில் மர்டோக்கின் கம்பெனியோடு 87 மில்லியன் பவுன் ஒப்பந்தம். அதற்காகப் பழைய கிளப்புகளை ஒன்றோடொன்று இணைத்துப் புதுப்பெயர் சூட்டத் திட்டம் போட்டார்கள். நூறு வருடச் சரித்திரமுள்ள வேக்பீல்ட், விட்னெஸ், வாரிங்டன் எல்லாம் காகிதத்தில் ஒரு கோட்டில் அழியவிருந்தன. ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள், மைதானத்திலேயே எதிர்ப்புக் காட்டினார்கள். இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. கிளப் எங்கள் ஊருடையது, எங்கள் அப்பனும் பாட்டனும் வேலியோரம் நின்று வளர்த்தது என்று ஜனங்கள் நிமிர்ந்து நின்றால் மர்டோக்கும் பின்வாங்க வேண்டியதுதான்.

ஆகவே பிரச்னை "பணமா, பரிசுத்தமா" என்பதல்ல. அன்று பணம் வேண்டாம் என்றவனும் பெரிய மனிதன், பின்னர் பணமே எல்லாம் என்றவனும் பெரிய மனிதன். இருவரும் ஆடுபவனைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். ஆடுபவனின் இழந்த கூலிக்கு யார் பொறுப்பு? அவன் கை ஒடிந்தால் அவன் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? ஊர் வளர்த்த கிளப் யாருக்குச் சொந்தம்? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இனி யாராவது "ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆட வேண்டும்" என்று உபதேசம் செய்தால், நாம் ஒன்றே ஒன்று கேட்போம்: "ஐயா, சனிக்கிழமைக் கூலியை இழந்து ஆடியவர் நீங்களா, அவனா?"